தோல்வியை அச்சிட்டவர்

லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சனை ‘வானிலைக் கணிப்பில் தோற்ற கணிதவியலர்’ என்று வகுப்பறையில் வேடிக்கையாகச் சொல்லிக் கடந்துபோவது பெரும் அநீதி.

முதல் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்துப் பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டிய அந்தக் குவேக்கர், 1910 மே 20ஆம் நாளின் தரவுகளைக் கொண்டு ஆறு மணிநேர வானிலை மாற்றத்தை ஓய்வுவேளைகளில் கையாலேயே கணக்கிட்டார். காற்றழுத்தம் 145 மில்லிபார் உயரும் என்றது விடை. உண்மையில் அன்று அழுத்தம் ஏறத்தாழ அசையவே இல்லை. அந்த விடையை அவர் மறைக்கவில்லை. 1922இல் வெளியிட்ட நூலில் படிநிலைகள் அனைத்தையும் அட்டவணைகளோடு அச்சேற்றினார்.

அச்சேற்றியதால்தான் பிழையின் இருப்பிடம் பின்னாளில் புலப்பட்டது. சமன்பாடுகள் சரியானவையே, தொடக்கத் தரவில் காற்றும் அழுத்தமும் ஒன்றோடொன்று இசையவில்லை. அத்தரவைச் சீராக்கிப் பீட்டர் லிஞ்ச் மீண்டும் கணக்கிட்டபோது ஏற்கத்தக்க விடை கிடைத்தது. இன்றைய எண்முறை வானிலைக் கணிப்பு ரிச்சர்ட்சன் வகுத்த வழியிலேயே நடக்கிறது.

இத்தகைய அத்தியாயத்தை இன்று ஓர் ஆய்வு மாணவர் எழுதினால் அதை நீக்கச் சொல்லாத நெறியாளர் எத்தனை பேர்? கட்டுரைகளை எண்ணும் குழுக்கள் தோல்விக்கு மதிப்பெண் தருவதில்லை. பொருந்தாத தரவு மேசை இழுப்பறையில் உறங்குகிறது. அடுத்து வருபவர் அதே பிழையில் மூன்றாண்டுகளை இழக்கிறார்.

‘ஆய்விதழ்கள் ஏற்பதில்லை’ என்பது சாக்கு. ஆய்வேட்டின் பின்னிணைப்பை எந்த ஆய்விதழ் தடுக்கிறது? அங்கிருந்தாவது நேர்மை தொடங்கட்டும்.