ஆண்ட்ரேவைத் தூக்கினது யாரு?

டிஸ்கி: இது ரெஸ்லிங் பதிவு. "அதெல்லாம் பொய்ச் சண்டைங்க"ன்னு பின்னூட்டம் போடத் துடிக்கிற அன்பர்கள் கடைசி வரைக்கும் படிச்சுட்டு அப்புறம் போடவும். எங்கப்பா இருபது வருஷமா அதையேதான் சொல்லிட்டிருக்கார், எனக்குப் பழகிடுச்சு.

நான் நாலாவது படிக்கும்போது பெரியப்பா பையன் காலேஜ் ஹாஸ்டலுக்குக் கிளம்பினார். போகும்போது ரப்பர் பேண்ட் போட்ட ஒரு பழைய ட்ரம்ப் கார்டு கட்டை எனக்குத் தானம் பண்ணிட்டுப் போனார். பசங்களோட சேர்ந்து டிவியில நான் பார்த்ததெல்லாம் ஜான் சீனா, பாடிஸ்டா காலம். கார்டுல இருந்தவங்கள்ல பாதிப் பேரை நான் பார்த்ததே கிடையாது. ஆனா ஆண்ட்ரே தி ஜயண்ட் கார்டு கையில இருந்தா உயரம், எடைன்னு எதைக் கேட்டாலும் ஜெயம். ஏழடி நாலு அங்குலம், 520 பவுண்டுன்னு சொல்லிக்குவாங்க. கிட்டத்தட்ட 236 கிலோ. நாலாவது படிக்கிற பையனுக்கு அது ஒரு மனுஷனோட எடையாவே தெரியலை.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை, கரண்ட் இருந்தது, வேலை இல்லை. ரெஸ்ல்மேனியா 3 முழுசையும் உட்கார்ந்து பார்த்தேன். 1987 மார்ச் 29, அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலம், பாண்டியாக் சில்வர்டோம் அரங்கம். 93,173 பேர் வந்தாங்கன்னு கம்பெனி அறிவிச்சது. டேவ் மெல்ட்சர்னு ஒரு ரெஸ்லிங் பத்திரிகையாளர், அவ்வளவெல்லாம் இல்லை, 78,000தான்னு சொல்லி, அந்தச் சண்டை இன்னும் ஓயலை. எதுவா இருந்தா என்ன? ரிங்குக்கும் ட்ரெஸ்ஸிங் ரூமுக்கும் நடந்து போனா விடிஞ்சுடும்னு, குட்டி ரிங் மாதிரி செஞ்ச ஒரு மோட்டார் வண்டியில வீரர்களை ஏத்திக் கொண்டுவந்து இறக்கினாங்க. எங்க ஊர்ச் சப்பரம் ஞாபகம் வந்துச்சு.

இந்த நிகழ்ச்சியைப் பத்தி இணையத்துல யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். "ஸாவேஜ் - ஸ்டீம்போட் மேட்ச் காவியம். ஹோகன் - ஆண்ட்ரே மேட்ச் மொக்கை." நானும் அப்படித்தான் சொல்லிட்டுத் திரிஞ்சேன். முதல் பாதியில இப்பவும் மாற்றமில்லை. ராண்டி ஸாவேஜுக்கும் ரிக்கி ஸ்டீம்போட்டுக்கும் நடந்தது பதினஞ்சு நிமிஷம்கூட இல்லை. அதுக்குள்ள எத்தனை தடவை ரெண்டு எண்ணி மூணு எண்ணுறதுக்குள்ள தோளைத் தூக்குறாங்கன்னு பாருங்க. ஸாவேஜ் அந்த மேட்சோட ஒவ்வொரு அசைவையும் நம்பர் போட்டு எழுதிவெச்சு, ஸ்டீம்போட்டை மனப்பாடம் பண்ண வெச்சாராம். இவர் ஒரு வரி சொன்னா அவர் அடுத்த வரியை ஒப்பிக்கணும். ஸ்டீம்போட்டே பேட்டிகள்ல சொல்லியிருக்கார். எங்க ஆபீஸ்ல ரெக்வயர்மெண்ட் டாக்குமெண்ட்டை இப்படி யாராவது படிச்சிருந்தா நான் பல சனிக்கிழமை வீட்ல இருந்திருப்பேன்.

ரெண்டாவது பாதியிலதான் இப்போ எனக்குத் தகராறு.

கதை என்னன்னா, ஹல்க் ஹோகன் மூணு வருஷமா சாம்பியன், ஊருக்கே நல்லவர். ஆண்ட்ரே அவரோட நண்பர். 1987 ஆரம்பத்துல ஹோகனுக்கு ஒரு பெரிய கோப்பை குடுக்குறாங்க. பதினஞ்சு வருஷமா தோக்காதவர்னு ஆண்ட்ரேவுக்கும் ஒண்ணு குடுக்குறாங்க. ஆனா அது சின்னது! அவ்வளவுதான் விதை. அடுத்து ஆண்ட்ரே, வில்லன் மேனேஜர் பாபி ஹீனனைக் கூட்டிட்டு வந்து நிக்குறார். ஹோகனோட சட்டையையும் கழுத்துல இருந்த சிலுவையையும் பிடிச்சு இழுத்துக் கிழிக்கிறார். பங்காளிச் சண்டைக்கு ஒரு கோப்பையோட சைஸ் போதும்னு கண்டுபிடிச்ச மகானுபாவன் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

இந்தக் கதையில உண்மைன்னு பார்த்தா ஒண்ணும் தேறாது. பதினஞ்சு வருஷம் தோக்காதவராம். 1986லேயே ஜப்பான்ல இனோக்கிகிட்ட தோத்திருக்கார். அவரை யாரும் தூக்கிப் போட்டதே இல்லையாம். 1980லேயே நியூயார்க் ஷே ஸ்டேடியத்துல ஒருத்தர் தூக்கிப் போட்டிருக்கார். யாருன்னு நினைக்கிறீங்க? இதே ஹோகன்! அப்போ ஹோகன் வில்லன், ஆண்ட்ரே நல்லவர். மேட்சும் நல்லா இல்லைங்கிறதை ஒத்துக்கறேன். முதல் நிமிஷத்துலயே ஹோகன் தூக்கப் பார்த்து, முடியாம, ஆண்ட்ரே அவர் மேலேயே விழுறார். அதுக்கப்புறம் ஆண்ட்ரே கட்டிப்பிடிச்சு நெருக்கிட்டு நிக்குறார், நிக்குறார், நின்னுக்கிட்டே இருக்கார். நான் போய் டீ போட்டுட்டு வந்தேன்.

திரும்பி வந்தா அப்பா ஈஸி சேரைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருக்கார். அரசு பஸ்ல டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவர். இடுப்புல பெல்ட் போடாம இப்போ அவரால அரை மணி நேரம் உட்கார முடியாது. பொய்ச் சண்டைன்னு திட்டப்போறார்னு காத்திருந்தேன்.

"டேய், இந்தப் பெரியவருக்கு முதுகு போயிடுச்சுடா. திரும்புறதைப் பாரு. உள்ள பெல்ட் கட்டியிருப்பார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஏன்னா அதுதான் நிஜம். ஆண்ட்ரேவுக்கு அக்ரோமெகலி, அதாவது வளர்ச்சி ஹார்மோன் நிக்காம சுரக்குற நோய். மத்தவங்களுக்கு நின்னுபோற வளர்ச்சி அவருக்கு நிக்கவேயில்லை. மூட்டும் முதுகும் அந்த எடையில நொறுங்கிட்டு வந்தது. முதுகுல ஆபரேஷன் ஆகியிருந்தது. 1986ல 'தி பிரின்ஸஸ் பிரைட்' படத்துல நடிச்சப்போ, கதாநாயகி ராபின் ரைட் மேலேருந்து அவர் கையில விழுற காட்சி. ஒரு ஒல்லிப் பொண்ணோட பாரத்தை அந்த முதுகு தாங்காதுன்னு, அவங்களைக் கம்பி கட்டித்தான் இறக்கினாங்க. உலகத்துலயே பலசாலின்னு நாங்க கார்டு விளையாடின மனுஷனோட கதை இது. மறு வருஷம் கறுப்பு உடுப்புக்குள்ள பெல்ட்டைக் கட்டிக்கிட்டு சில்வர்டோம்ல வந்து நின்னார்.

எதுக்கு வந்தார்? தூக்கிப் போடப்படுறதுக்கு.

இந்த பாடி ஸ்லாம் இருக்கே, அது ஒருத்தர் செய்யுற வேலை இல்லைங்க. தூக்கப்படுறவரும் கொஞ்சம் எம்பணும், தூக்குறவர் தொடையில கைவெச்சு அழுத்திக் குடுக்கணும். இல்லைன்னா 236 கிலோவை எந்த அவதாரமும் அசைக்க முடியாது. ஆண்ட்ரே மனசு வைக்காம ஆண்ட்ரேவை யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாதுங்கறது அந்தத் தொழில்ல இருந்த எல்லாருக்கும் தெரியும். ஹோகனோட பலத்தை நான் குறைச்சுச் சொல்லலை, அந்த எடையை இடுப்புக்கு மேல கொண்டுபோனது அவரோட கைதான். ஆனா விழப்போறது யாரோட முதுகு? ஆபரேஷன் பண்ணின அந்த முதுகு. கதை பொய், கோப்பை பொய், பதினஞ்சு வருஷக் கணக்கும் பொய். எடை மட்டும் பொய்யில்லை, வலியும் பொய்யில்லை.

அந்த ஒரு விநாடிக்கு அரங்கமே எழுந்து நிக்குது. கமெண்ட்ரியில கொரில்லா மான்சூனும் ஜெஸ்ஸி வெஞ்சுராவும் தொண்டை கிழியக் கத்துறாங்க. அப்புறம் ஹோகன் ஒரு லெக் டிராப் போட்டு மூணு எண்ணுறாங்க. ஆண்ட்ரே எழுந்து அந்தக் குட்டி வண்டியில ஏறி, ஜனங்க வீசுற குப்பைக்கு நடுவுல திரும்பிப் போறார். நம்பியார் சாமி நிஜத்துல ஐயப்ப பக்தர், குருசாமி. ஆனா படத்துல அவர் வாங்கின சாபத்துலதான் எம்ஜிஆருக்கு அத்தனை கைத்தட்டல். அதே கணக்குதான் இதுவும்.

இதைச் சொல்லும்போது இன்னொண்ணையும் சொல்லியாகணும். கமெண்ட்ரியில உட்கார்ந்திருந்த அந்த வெஞ்சுரா, 1986ல ரெஸ்ல்மேனியா 2க்கு முன்னாடி சக வீரர்கள்கிட்ட சங்கம் வைக்கலாம்னு பேசினவர். பேச்சு நேரா முதலாளி வின்ஸ் மக்மேன் காதுக்குப் போயிடுச்சு. வீடியோ ராயல்டிக்காக வெஞ்சுரா கேஸ் போட்டு, 1994ல எட்டு லட்சம் டாலருக்கு மேல ஜெயிச்சார். போட்டுக்குடுத்தது யாருங்கறது அந்தக் கேஸ்லதான் வெளியே வந்துச்சு. மக்மேனே வாக்குமூலத்துல சொன்ன பேரு: ஹல்க் ஹோகன். சங்கம் கடைசி வரைக்கும் வரலை. வீரர்கள் எல்லாரும் 'தனி ஒப்பந்தக்காரர்கள்'. அன்னிக்கு அந்தக் காவிய மேட்ச்சை ஜெயிச்சாரே ஸ்டீம்போட், அவர் குழந்தை பொறக்கப் போகுதுன்னு லீவு கேட்டார். ரெண்டரை மாசத்துக்குள்ள பட்டம் வேற ஆள் இடுப்புல.

எங்க டீம்ல ஒரு கான்ட்ராக்ட் அண்ணன் இருந்தார். ஒரு ரிலீஸ் ராத்திரி மூணு மணிக்கு விழுந்த சர்வரைத் தூக்கி நிறுத்தினவர் அவர்தான். காலையில வந்த பாராட்டு மெயில்ல அவர் பேர் இல்லை. என் பேர் இருந்தது. நான் "நன்றி"ன்னு ரிப்ளை போட்டேன். மூணு வருஷம் ஆச்சு, அந்த ஒரு வார்த்தை ரிப்ளை இன்னும் உறுத்துது.

ஆண்ட்ரே 1993 ஜனவரியில, அப்பாவோட சாவுக்குப் பிரான்ஸ் போன இடத்துல, பாரிஸ் ஹோட்டல் ரூம்ல தூக்கத்துலயே போயிட்டார். வயசு 46. ஹோகன் அந்த ஸ்லாம் கதையை முப்பது வருஷத்துக்கு மேல சொல்லிட்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் ஆண்ட்ரேவோட எடை ஏறிக்கிட்டே போகும். ஹோகனோட இனவெறிப் பேச்சு 2015ல வெளியே வந்து பேர் கெட்டுச்சு. 2025 ஜனவரியில லாஸ் ஏஞ்சலஸ்ல மேடை ஏறினப்போ ஜனங்க ஊளையிட்டாங்க. அதே வருஷம் ஜூலை 24 அவரும் போயிட்டார். அன்னிக்கு எல்லாச் செய்தியிலயும் ஓடின படம் எது? ஆண்ட்ரே அவர் தோள் மேல இருக்கிற படம்தான்.

அப்பா அந்த ஸ்லாமை மறுபடி போடச் சொன்னார். ரெண்டு தடவை பார்த்தார். "தூக்கினவன் கையைத் தூக்கிக் காட்டுறான், விழுந்தவர் எழுந்திரிச்சாரான்னு காட்ட மாட்டேங்குறான் பாரு"ன்னு கேமராக்காரனைத் திட்டிட்டு, பெல்ட்டை இறுக்கிக்கிட்டுச் சாப்பிடப் போயிட்டார்.

அந்த சில்வர்டோமும் இப்போ இல்லை. 2017 டிசம்பர் 3ம் தேதி இடிக்கிறதுக்கு வெடி வெச்சாங்க. சத்தம் வந்துச்சு, புகை வந்துச்சு, கட்டடம் அப்படியே நின்னுச்சு. மறுநாள் இன்னொரு தடவை வெச்சதுக்கு அப்புறம்தான் விழுந்துச்சு.