காயம்பட்ட சிறுத்தையும் காவலற்ற தொழிலாளியும்

ஊவாத் தோட்டமொன்றில் சிறுத்தை காயமுற்றுப் புதரில் மறைந்தது என்ற செய்தி பரவிய மறுகணமே, துரை பங்களா விறாந்தையிலும் பதுளைக் கடைத்தெருவிலும் ஒரே விவாதம் எழுகின்றது. "எந்தத் தோட்டாவைப் போட்டுக்கொண்டு பின்தொடர்வது? எஸ். ஜி. போதுமா? எல். ஜி. வேண்டுமா? ஒற்றைக் குண்டே மேலா?" என்று அறிந்தோரும் அறியாதோரும் வாதிடுகின்றனர்.

அந்த விவாதத்தை நாம் இகழவில்லை. தவறான தோட்டா ஆளைக் கொல்லும். சரியான தோட்டா ஆளைக் காக்கும். ஆகவே அக்கேள்விக்கு நேர்மையான விடையைச் சொல்லுவோம். ஆனால் அவ்விடையோடு நின்றுவிட மாட்டோம். அந்தப் புதருக்குள் முதலில் கால் வைப்பவன் எவன்? அவனை அங்கே அனுப்பும் அதிகாரம் எவருக்கு உண்டு? சிறுத்தையைக் காயப்படுத்தியது எது? இம்மூன்றையும் கேளாத வேட்டைப் பேச்சு வெறும் வீரப் பேச்சேயாகும்.

துரைமாரின் மரபு

ஊவாவின் வரலாறு வேட்டைத் துவக்கின் புகையோடு கலந்தது. பதுளையில் ஆட்சி அதிகாரியாக அமர்ந்திருந்த மேஜர் தாமஸ் வில்லியம் ரோஜர்ஸ் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டு வீழ்த்தியதாகச் சொல்லப்படுகின்றது. அவர் 1845ஆம் ஆண்டு ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். பதுளை நகரின் புனித மாற்கு தேவாலயம் அவர் நினைவைத் தாங்கி இன்றும் நிற்கின்றது. கிழக்கே புனானையில் மனிதரைத் தின்று திரிந்த சிறுத்தையை 1924ஆம் ஆண்டு சுட்டு வீழ்த்தியவர் ஷெல்டன் ஏகார் என்ற தோட்டத் துரை. அச்சிறுத்தையின் பாடம் செய்த உடல் கொழும்பு அரும்பொருட்சாலைக்குச் சென்றது; சுட்டவர் பெயர் நூல்களில் ஏறியது.

அந்தத் துரைமாரிடையே ஒரு விதி இருந்தது. விலங்கைக் காயப்படுத்தியவனே பின்தொடர்ந்து சென்று அதன் துன்பத்தை முடித்தல் வேண்டும் என்பதே அது. நல்ல விதிதான்; மறுக்கவில்லை. ஆயினும் துரைக்கு முன்னே குனிந்து தடம் பார்த்துச் சென்றவன் யார்? தகரத்தைத் தட்டிப் புதரைக் கலைத்தவர் யார்? கவ்வாத்துக் கத்தியும் கம்புமே ஆயுதமாக, மானாப்புல்லுக்குள் வரிசையாக நுழைந்தவர் யார்? துரையின் துவக்கு பின்னால் இருந்தது. தொழிலாளியின் மார்பு முன்னால் இருந்தது. அந்த மார்புக்குச் சொந்தக்காரர் எவருடைய பெயரையும் எந்தத் தேவாலயச் சுவரிலும் நாம் கண்டதில்லை.

தோட்டாவின் கணக்கு

இனித் தோட்டாவைப் பற்றிப் பேசுவோம். உழவரும் உத்தியோகத்தரும் ஒருங்கே விளங்கிக்கொள்ளத்தக்க எளிய கணக்கு இது.

12 போர் துவக்கில் இடும் எஸ். ஜி. தோட்டாவில் பொதுவாக ஒன்பது பருத்த ரவைகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 8.4 மில்லிமீற்றர் குறுக்களவு கொண்டது. எல். ஜி. ரவை அதனினும் பருத்தது; எண்ணிக்கையிற் குறைந்தது. வாய் ஒடுங்காத குழலிலிருந்து புறப்படும் ரவைகள் ஒரு யார் தூரத்துக்கு ஓர் அங்குலம் வீதம் விரியும் என்பது வேட்டைக்காரரின் பழங்கணக்கு. பத்து யாரில் பத்து அங்குல வட்டம். இருபது யாரில் இருபது அங்குல வட்டம். எதிரே பாய்ந்துவரும் சிறுத்தையின் மார்போ பத்து அங்குலத்துக்கு மேல் அகலமில்லை. ஆகவே பத்து யாரில் ரவைகள் யாவும் ஓரிடத்தில் விழும்; சம்மட்டி அடி போல் விலங்கு சாயும். இருபது யாரில் வட்டத்தின் பரப்பு நான்கு மடங்காகிவிடுகின்றது. ஒன்பதில் இரண்டோ மூன்றோதான் மார்பிற் படும். எஞ்சியவை தோலையும் காலையும் கிழித்து, முன்னமே சினந்த விலங்கை மேலும் சினமூட்டும். அதற்கப்பால் சுடுவது குருட்டுச் செயல்.

ஒற்றைக் குண்டின் இயல்பு வேறு. 12 போர் என்ற பெயரின் பொருளே, ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை அடங்கும் குழல் என்பதாகும். ஜெர்மானியர் பிரெனெக்கே 1898இல் ஆக்கிய நீள்குண்டும், அமெரிக்கர் ஃபாஸ்டர் 1931இல் ஆக்கிய குண்டும் அந்த வழியிலே வந்தவை. எலும்பை உடைத்து ஆழச் செல்லும் ஆற்றல் ஒற்றைக் குண்டுக்கு உண்டு. ஆனால் அது குறி தவறினால் முழுவதும் தவறியதே. பாதிப் பயனும் இல்லை. வாய் ஒடுங்கிய குழலில் அதற்குப் பொருந்தாத உருண்டையைத் திணித்தால் குழலே வெடித்துச் சுட்டவன் கையைக் கொண்டுபோகும்.

சிறுத்தையின் வேகத்தையும் எண்ணிப் பாருங்கள். மணிக்கு 58 கிலோமீற்றர் வரை ஓட வல்லது அது. இருபது மீற்றரை ஒன்றேகால் வினாடியில் கடந்துவிடும். நம் நாட்டு ஆண் சிறுத்தையின் சராசரி எடை 56 கிலோகிராம். பெண் சிறுத்தை அதிற் பாதியளவே. எடையிற் சிறியதாயினும், தேயிலைத் தூர்களுக்கடியில் மறைந்து, மறைவிலிருந்தே பாய்வது. ஆதலால் அடர்ந்த புதரில், பத்துப் பதினைந்து யாருக்குள், இரட்டைக் குழலிலும் எஸ். ஜி. அல்லது எல். ஜி. ஏற்றியவனே பிழைக்க வழியுண்டு. திறந்த பத்தனையில் தூரத்திலிருந்து சுடவேண்டுமானால் ஒற்றைக் குண்டோ ரைபிளோதான் தகும். இருநூறுக்கு மேற்பட்ட பொடிரவை அடங்கிய ஆறாம் எண் தோட்டாவைச் சிறுத்தைமேல் சுடுவது மடமை. காட்டுக்கோழிக்கு உரியது அது. ஈரம் குடித்துப் பல்லாண்டு அலுமாரியிற் கிடந்த தோட்டாவை நம்பிப் புதருக்குள் புகுவது அதனினும் பெரிய மடமை. இருள் சூழும் வேளையில் பின்தொடர்தல் ஆகாது. தனியே செல்லல் ஆகாது. துவக்கில்லாதவனை முன்னே நடத்தல் எக்காரணத்தாலும் ஆகாது.

ஒரு தவறான வெடியின் விலை

பொறுப்பற்ற வெடி என்ன விலை கேட்கும் என்பதற்கு வட இந்தியாவின் சம்பாவத் பெண்புலி சாட்சி. 1907ஆம் ஆண்டு ஜிம் கார்பெட் அதனைச் சுட்டபோது, அது 436 மனிதரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்டிருந்தது. இறந்த புலியின் வாயைப் பார்த்தார்; வலப்பக்கத்து மேற்கோரைப் பல்லும் கீழ்க்கோரைப் பல்லும் உடைந்திருந்தன. என்றோ எவனோ சுட்ட வெடியின் தழும்பு அது. இயல்பான இரையைப் பிடிக்க இயலாத விலங்கு மனிதனை நாடியது. சுட்டவன் வீடு சென்று உறங்கினான். விலை கொடுத்தவர்களோ விறகுக்கும் தழைக்கும் காடு சென்ற ஏழை எளியோர்.

ஊவாவிலும் விலை கொடுக்கப்போகிறவர் யார் என்பது தெரிந்ததே. பெரட்டு முடிந்து விடியற்காலையில் கூடையைத் தலையில் மாட்டி மலைக்கு ஏறும் பெண் அவள். தூர்களுக்கிடையே இரு கைகளும் கொழுந்தில் இருக்க, கண்ணும் கொழுந்திலே இருக்க, அடுத்த தூரின் அடியில் என்ன படுத்திருக்கின்றது என்பதை அவள் எவ்வாறு அறிவாள்? பசறையிலும் மடூல்சீமையிலும் நமுனுகுலை அடிவாரத்திலும் தேயிலையும் காடும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. கைவிடப்பட்ட மலைகள் காடாகிவிட்டன. லயத்து நாய்களை நாடிச் சிறுத்தை வருகின்றது. அவ்விலங்கின்மேல் குற்றமில்லை, அவள்மேலும் குற்றமில்லை.

கம்பியே முதற் குற்றவாளி

இன்று சிறுத்தையைக் காயப்படுத்துவது பெரும்பாலும் துரையின் ரைபிளன்று. காட்டுப்பன்றிக்கென்று வைத்த கம்பிக் கண்ணி. மறைத்து வைத்த கட்டுத்துவக்கு. இவையே இன்றைய கொலைக்கருவிகள். மோட்டார் சைக்கிளின் பிரேக் கம்பி ஒன்று போதும். பன்றித் தடத்தில் சுருக்காக மாட்டிவிட்டால், வழியே வரும் சிறுத்தையின் இடுப்பை அது இறுக்கும். விலங்கு இழுக்க இழுக்கக் கம்பி தசையை அறுத்து உள்ளுறுப்புகளை நசுக்கும். வெளியே சிறு காயமாகத் தோன்றும். உள்ளே உயிர் போய்க்கொண்டிருக்கும். கம்பி அறுந்துபோனாலோ, வலியால் வெறிகொண்ட சிறுத்தை கொழுந்து மலைக்குள் புகும்.

2020ஆம் ஆண்டு மே மாதம் நல்லதண்ணியை அடுத்த லக்ஷபான தோட்டத்தில் அரிதினும் அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று கண்ணியில் சிக்கியதை நாடே அறியும். மயக்க ஊசி செலுத்தி மீட்டார்கள். உடவளவைக்குக் கொண்டுசென்று மருந்திட்டார்கள். சில நாளில் அது மாண்டது. உலகமே இரங்கியது. இரங்கட்டும். ஆனால் அந்தக் கண்ணி அவ்விடத்திலே மட்டும்தான் இருந்ததா? ஊவாவின் கான் ஓரங்களிலும் காட்டோரங்களிலும் இன்றும் கம்பிகள் இல்லையென்று சத்தியம் செய்ய எவரேனும் உண்டா?

இங்கே நம் மக்களிடமும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். கண்ணி வைப்பவன் எங்கிருந்தோ வந்த அந்நியன் அல்லன். தோட்டத்திலும் இருக்கின்றான்; அயற் கிராமத்திலும் இருக்கின்றான். மரக்கறிப் பாத்தியைப் பன்றி உழுதுவிட்டது என்பான். இறைச்சி வாங்கக் காசில்லை என்பான். இரண்டும் மெய்யாகவே இருக்கலாம். ஆயினும் அவன் வைத்த கம்பி நாளை அவன் தங்கையின் கழுத்தில் சிறுத்தையின் பல்லாக வந்து சேரும். பசியைக் காட்டி இக்குற்றத்தை மறைப்பதை நாம் ஏற்கமாட்டோம்.

அதே மூச்சில் கொழும்பு மாநகரத்துக் கனவான்களுக்கும் ஒன்று சொல்லுகின்றோம். சிறுத்தை மாண்டால் கண்ணீர் சிந்தும் நீங்கள், கொழுந்து பறிப்பவள் காயமுற்றபோது எங்கே இருந்தீர்கள்? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. வாக்குச் சீட்டே இல்லாதவன் துவக்கு உரிமத்தைக் கனவிலேனும் கண்டிருப்பானா? காவலும் இல்லை, கருவியும் இல்லை என்று ஆக்கிவைத்தபின், அவன் அச்சத்தால் கூடிக் கூச்சலிட்டால் காட்டுமிராண்டி என்று ஏசுவது எவ்வகை நியாயம்?

கிளிநொச்சி தரும் பாடம்

2018ஆம் ஆண்டு சூன் மாதம் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் சிறுத்தை ஒன்று ஊருக்குள் புகுந்து பலரைக் காயப்படுத்தியது. இறுதியில் மக்கள் அதனைத் தடிகொண்டு அடித்துக் கொன்றார்கள். அச்செயலை நாம் போற்றவில்லை. சிறுத்தையைக் கொல்லுதல் சட்டப்படி குற்றம். ஆனால் மயக்க ஊசியும் வலையும் பயிற்சிபெற்ற ஆளும் வேளையோடு வந்து நிலைமையைக் கைக்கொள்ளாத இடத்தில், தடிதான் சட்டமாகும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டியது. ஊவாவில் அந்நாள் வராமலிருக்க இன்றே வழி செய்தல் வேண்டும்.

"பிடித்துக் கொண்டுபோய் வேறு காட்டில் விட்டால் தீர்ந்தது" என்பாருக்கும் விடை உண்டு. மகாராஷ்டிரத்தின் ஜுன்னர்ப் பகுதியில் 2001ஆம் ஆண்டு முதல் அவ்வாறே சிறுத்தைகளைப் பிடித்து வேறிடங்களில் விட்டார்கள். மனிதர்மீதான தாக்குதல் குறையவில்லை; கூடியது என்று ஆய்வாளர் கண்டனர். இடம் பெயர்க்கப்பட்ட விலங்கு அமைதி இழக்கின்றது. தொல்லை வேறோர் ஏழையின் வாசலுக்கு மாறுகின்றது. அவ்வளவே.

நாம் கேட்பவை

பதுளையைத் தலைமையிடமாகக் கொண்டு, விலங்கு மருத்துவரும் மயக்கத் துவக்கும் வலையும் வண்டியும் உடைய அணியொன்று இரவும் பகலும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். மயக்க மருந்து செலுத்திய கணமே விலங்கு உறங்கிவிடாது. வேலை செய்யப் பல நிமிடங்கள் ஆகும். அந்நேரம் அணிக்குக் காவலாக, எஸ். ஜி. ஏற்றிய துவக்குடன் பயிற்சி பெற்ற இருவர் நிற்றல் வேண்டும். மனித உயிருக்கு உடனடி ஆபத்து நேர்ந்தாலன்றி அத்துவக்கு வெடித்தல் ஆகாது. இதுவே இன்றைய நாளில் அத்தோட்டாவுக்குரிய இடம்.

காயமுற்ற சிறுத்தை உள்ள மலையில், அது மீட்கப்படும்வரை எவரையும் வேலைக்கு இறக்குதல் ஆகாது. அந்நாட் சம்பளத்தையும் வெட்டுதல் ஆகாது. தொழிலாளரைத் தடம் பார்க்கவோ புதர் கலைக்கவோ அனுப்பும் பழைய வழக்கம் குற்றமெனக் கொள்ளப்படல் வேண்டும். 1992ஆம் ஆண்டு தோட்டங்களைப் பொறுப்பேற்ற கம்பனிகள், கண்ணிகளைத் தேடி அகற்றும் வேலையைச் சம்பள வேலையாக நடத்தல் வேண்டும். லயங்களை ஒட்டிய புதர்களும் குப்பை மேடுகளும் அகற்றப்படல் வேண்டும். காயமுற்றோருக்கு உதவித்தொகை, படிவத்தின் பின் படிவம் என்று இழுபடாமல் சேரவேண்டும். எச்சரிக்கை யாவும் தொழிலாளியின் தாய்மொழியாகிய தமிழில் எட்டவேண்டும். விளங்காத மொழியில் வரும் எச்சரிக்கை எச்சரிக்கையன்று.

இவற்றில் எது இயலாதது? தேயிலை விற்ற பணத்தால் துறைமுகமும் தெருவும் மாடமாளிகையும் எழுப்பிய நாட்டுக்கு, அத்தேயிலையைக் கிள்ளிய விரல்களைக் காக்க ஒரு வண்டியும் ஒரு மருத்துவரும் இரண்டு துவக்கும் பெருஞ்செலவாகிவிடுமா?

தோட்டாவைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவர் பலர் உளர். பொறுப்பைத் தேர்ந்தேற்க முன்வருவோரைத்தான் ஊவா எதிர்பார்த்து நிற்கின்றது. கம்பி அகலட்டும், காவல் வரட்டும், கொழுந்து மலைக்கு ஏறுகின்றவள் மாலையில் கூடையோடும் உயிரோடும் லயத்துக்கு இறங்கட்டும். அதுவரை இக்கேள்வியை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்.