தட்டு ஒன்று, கைகள் ஐந்து

எத்தியோப்பிய உணவகத்தில் ஆளுக்கொரு தட்டு வராது. நண்பர்கள் ஐந்து பேருக்கும் ஒரே பெரிய தட்டுதான். அதில் ‘இஞ்செரா’ விரித்திருக்கும். டெஃப் என்னும் சிறுதானிய மாவைச் சில நாள் புளிக்கவைத்துச் சுட்டது; பார்த்தால் ஆப்பம் நினைவுக்கு வரும். மேலே பருப்பு, கீரை, கோழிக் குழம்பு. வலக்கையால் இஞ்செராவைப் பிய்த்து, குழம்பை அள்ளிச் சாப்பிட வேண்டும்.

எச்சில் படுமே என்று தயக்கமா? அவரவர் பக்கம் இருப்பதையே எடுப்பார்கள்; விரலை நக்குவது அங்கே மரியாதைக் குறைவு.

கூட்டத்தில் சைவம் சாப்பிடுபவர் இருந்தால் விரதச் சாப்பாடு கேளுங்கள். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளிகளில் இறைச்சி, முட்டை, பால் தொடுவதில்லை. ஆகவே, யாரும் தனித் தட்டோடு ஒதுங்க வேண்டியதில்லை.

நண்பர் ஒரு கவளம் உருட்டி உங்கள் வாயருகே நீட்டினால், அதுதான் ‘குர்ஷா’. அன்பின் அடையாளம், மறுத்தால் மனம் நோகும். வாங்கிக்கொள்ளுங்கள். வளர்ந்த பிறகு நமக்கு ஊட்டிவிட ஆள் ஏது?