இழந்த நாட்டை மீட்ட தமிழரசி

கரிபியக் கடலகத்துத் தொமினிக்கன் நாடு 1861-இல் இசுப்பானியர்க்கு மீண்டும் அடிமையாயிற்று. 1863-இல் வாளெடுத்து, 1865-இல் விடுதலையை மீட்டது. ஆகத்து 16 அங்கு மீட்புத் திருநாள்.

அதற்கு எண்பத்தைந்து ஆண்டுகட்கு முன்பே சிவகங்கை அச்செயலை முடித்துக் காட்டியது! 1772-இல் கும்பினிப் படையும் ஆர்க்காட்டு நவாபும் காளையார்கோயிலில் முத்துவடுகநாதரை வீழ்த்தி நாட்டைக் கவர்ந்தனர். அவர்தம் துணைவியார் வேலுநாச்சியார் விருப்பாட்சியில் தங்கிப் படை திரட்டினார்; ஐதர் அலியின் துணையோடு 1780-இல் நாட்டை மீட்டார்.

இருந்தும், 1857-ஐயே முதல் விடுதலைப் போர் என்று ஓதுவோரை என்னென்பது? இடைப்பட்ட எழுபத்தேழு ஆண்டுகளை யார் விழுங்கினர்? 1805-இல் சங்ககிரியில் தூக்கிலேறிய தீரன் சின்னமலை எதற்காக மாண்டார்?

வாழப்பாடிப் பெற்றோரே! பிறர் வகுத்த ஆண்டுக்கணக்கை நம் பிள்ளைகள் ஒப்பித்தது போதும். 1780 என்னும் ஆண்டை அவர்தம் நெஞ்சில் எழுதுங்கள்!