ஏரியின் அடிக்கணக்கும் தெருவின் மணிக்கணக்கும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் சென்னைவாசிகளின் கைப்பேசிகளில் தினமும் காலையில் ஓர் அட்டவணை சுற்ற ஆரம்பிக்கும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று ஏரிகளின் பெயர்கள் ஒரு பக்கம். முழுக் கொள்ளளவு, இன்றைய நீர்மட்டம், இருப்பு, நீர்வரத்து, வெளியேற்றம், மழையளவு, போன ஆண்டு இதே நாளின் இருப்பு என்று மற்ற கட்டங்கள். சென்னைக் குடிநீர் வாரியம் வெளியிடும் இந்தக் கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நேரத்துக்கு வருகிறது, தெளிவாக இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய எண்ணும் கூடவே இருக்கிறது. ஆனால் ஈக்காட்டுத்தாங்கலில் அடையாற்றை ஒட்டிய தெருவொன்றில் தரைத்தளத்தில் குடியிருப்பவர் ‘செம்பரம்பாக்கம் 22 அடி’ என்று படித்துவிட்டு என்ன செய்வார்? வண்டியை மேட்டில் கொண்டுபோய் நிறுத்துவதா, மிக்ஸியையும் அரிசி மூட்டையையும் பரண்மேல் ஏற்றுவதா, வழக்கம்போல் வேலைக்குக் கிளம்புவதா? அவர் எடுக்கவேண்டிய எந்த முடிவுக்கும் அந்த எண் உதவாது. கோடைவரை நகரத்துக்குக் குடிநீர் தாங்குமா என்ற வேறொரு கேள்விக்காகத் தயாரான எண் அது. நிறுவனங்களும் அரசுத் துறைகளும் போட்டி போட்டுக்கொண்டு உருவாக்கும் டேஷ்போர்டுகளில் பெரும்பாலானவற்றின் கோளாறு இதுதான் என்பது என் வாதம். யார், எப்போது, எந்த முடிவை எடுப்பதற்காக இதைப் பார்க்கப்போகிறார் என்பதை முதலில் யாரும் கேட்பதில்லை. கைவசம் இருக்கும் தரவை எடுத்து, அதற்கு ஒரு வரைபடம் போட்டு, பார்ப்பவர் பாடு என்று விட்டுவிடுகிறோம்.

குடிநீர்க் கேள்விக்கேகூட அந்த அட்டவணை பாதிப் பதில்தான் சொல்கிறது. மேலே சொன்ன நான்கு ஏரிகளின் மொத்தக் கொள்ளளவு 11,257 மில்லியன் கனஅடி. ஒரு மில்லியன் கனஅடி என்பது சுமார் 2.83 கோடி லிட்டர். நகரத்துக்கு நாளொன்றுக்கு 100 கோடி லிட்டர் தேவை என்று வைத்துக்கொண்டால் 1,000 மில்லியன் கனஅடி நான்கு வாரங்களுக்கு வரும், ஆவியாகிப் போவதைக் கழித்தால் அதற்கும் குறைவு. இந்த ஒரு வகுத்தலைச் செய்து ‘இன்னும் இத்தனை நாளுக்கு’ என்று எழுதினால் எண்ணின் தன்மையே மாறிவிடும். 2018-இல் பருவமழை பொய்த்தது. 2019 ஜூனில் ஏரிகள் ஏறக்குறைய வறண்டன. இடைப்பட்ட அத்தனை மாதங்களிலும் அட்டவணை உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் அபார்ட்மென்ட் சங்கம் எப்போது லாரிக்குச் சொல்லிவைக்க வேண்டும், ஓட்டல்காரர் எந்த மாதத்திலிருந்து சிக்கனம் பிடிக்க வேண்டும் என்பதை அதிலிருந்து பிரித்தெடுக்கும் வேலை படிப்பவர் தலையில் விழுந்தது. அதே ஆண்டு ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தபோது ஊரே திரண்டு பார்த்தது. அட்டவணையின் அளவுகோலில் அந்த ரயில் ஒரு மில்லியன் கனஅடியில் பதினொன்றில் ஒரு பங்குகூட இல்லை. இந்த ஒப்பீட்டை அன்றைக்கு யாராவது எண்களுக்குப் பக்கத்தில் போட்டிருந்தால், நம்பிக்கையை எங்கே வைப்பது என்று ஜனங்களுக்குத் தெரிந்திருக்கும்.

வெள்ளத்தில் விஷயம் இன்னும் சிக்கலானது. சென்னைப் பெருவெள்ளத்தின்போது, 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்துவிட்ட நீர் படிப்படியாக உயர்ந்து வினாடிக்கு 29,000 கனஅடியை எட்டியது. ஏரி முழுக் கொள்ளளவைத் தொடுமுன்பே அவ்வளவு திறந்ததை, 2018-இல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறை அறிக்கை குறை கூறியது. விதிகளின்படியே நடந்துகொண்டோம் என்பது அரசுத் தரப்பின் வாதம். அந்தச் சண்டையால் ‘செம்பரம்பாக்கத்தில் எவ்வளவு திறக்கிறார்கள்’ என்பதே நகரம் கண்கொட்டாமல் பார்க்கும் ஒரே எண்ணாகிவிட்டது. ஆனால் ஏரியின் உபரிநீர் திருநீர்மலை அருகே அடையாற்றில் கலப்பதற்கு முன்பே ஆதனூர், மணிமங்கலம், முடிச்சூர் பக்கத்து ஏரிகளின் நீர் ஆற்றில் வந்துகொண்டிருக்கும். 2015-இன் அந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்தது 49 செ.மீ. அந்த நீருக்கு அட்டவணையில் கட்டமே இல்லை. சுலபமாக அளக்கக்கூடிய எண், அளக்கச் சிரமமான ஆனால் அதிகம் பொருட்படுத்த வேண்டிய எண்ணை ஓரங்கட்டிவிடுவது எல்லா அலுவலகத்திலும் நடப்பதுதான். ஈக்காட்டுத்தாங்கல் பாலத்தடியில் ஆறு இன்னும் எத்தனை மணி நேரத்தில் கரையைத் தாண்டும் என்பதே அந்தத் தெருக்காரருக்கு வேண்டிய எண். மழை, ஏரித் திறப்பு, கடல் மட்டம் மூன்றையும் சேர்த்துக் கணிக்க முடியும் என்பது புதிய சங்கதியும் அல்ல. பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம், ஐ.ஐ.டி.களும் அண்ணா பல்கலைக்கழகமும் துணைநிற்க, சி-ஃபுளோஸ் என்ற வெள்ள முன்னறிவிப்பு முறையை 2019-இலேயே தந்துவிட்டது. அதிகாரிகளின் திரையில் இருக்கும் அந்தக் கணிப்பு தெருப் பெயரும் மணியுமாக மாறிக் குடியிருப்பவரிடம் வந்து சேர்வதில்தான் வேலை மிச்சமிருக்கிறது.

இப்படிச் சொன்னால் உடனே வரும் மறுப்பு, ‘கணிப்பு தப்பினால் பீதி கிளம்பும்’ என்பது. 2024 அக்டோபரில் சென்னைக்கு சிவப்பு எச்சரிக்கை விடுத்தபோது வேளச்சேரிக்காரர்கள் தங்கள் கார்களை மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். எதிர்பார்த்த மழை வரவில்லை. அதைப் பீதி என்று கேலி செய்தவர்கள் உண்டு. என் பார்வையில் அது நல்ல கணக்கு. மழை வராவிட்டால் நஷ்டம் ஓரிரவு அலைச்சல், வந்தால் மிச்சம் ஒரு கார் இன்ஜின். எது தப்பினால் எவ்வளவு செலவு என்பதை ஜனங்கள் தாங்களே எடைபோட்டிருக்கிறார்கள். வானிலைத் துறையின் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களே ‘கவனித்திரு, தயாராகு, நடவடிக்கை எடு’ என்ற செயல்களுக்காக வைத்தவைதாம். ஆனால் மழையின் சென்டிமீட்டரே மனதில் பதிகிறது, நிறத்தின் பொருள் பதிவதில்லை. ‘தமிழ்நாடு வெதர்மேன்’ என்ற பெயரில் எழுதும் வானிலைப் பதிவர் பிரதீப் ஜானின் பதிவுகளுக்கு இவ்வளவு வாசகர்கள் சேர்ந்ததற்கும் காரணம் இதுவே. ரேடார் படம் எல்லோருக்கும் பொதுவானது. எந்தப் பக்கம், எந்நேரத்தில், பயப்பட வேண்டுமா வேண்டாமா என்பதை அவர் எளிமையாகச் சொல்கிறார். அத்துடன் கணிப்பில் எங்கே சந்தேகம் இருக்கிறது என்பதையும் சொல்கிறார்.

‘வெள்ளம் வேறு, வியாபாரம் வேறு’ என்று நினைப்பவர்கள் ஈக்காட்டுத்தாங்கலை ஒட்டியே 1958 முதல் இயங்கும் கிண்டி தொழிற்பேட்டைக்குள் வரலாம். அங்குள்ள சிறு பட்டறைகள் பலவும் டேலி மென்பொருளில் கணக்கு வைத்திருப்பவை. வரவேண்டிய பாக்கியைப் பார்க்க முதலாளி கேட்பது ஏஜிங் ரிப்போர்ட். அது பெரும்பாலும் 0–30, 31–60, 61–90 நாள் என்று கட்டம் கட்டி வரும். ஆனால் 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கான பாக்கியை எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் தீர்த்தாக வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாந்திரக் கூட்டுவட்டி. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, கெடுவுக்குள் கொடுக்காத பில்லை, பணம் கொடுத்த ஆண்டில்தான் வாங்கியவர் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியும். ஆக, சட்டமும் வரியும் இரண்டு தரப்பையும் திருப்பிப்போடும் நாள் 45. ரிப்போர்ட்டோ அந்த நாளை இரண்டாவது கட்டத்தின் நடுவில் புதைத்துவைத்திருக்கிறது. 40 நாளான பில்லும் 58 நாளான பில்லும் ஒரே கூட்டுத்தொகையில் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. முதலாவதற்கு ஒரு போன் போதும், இரண்டாவதற்கு வக்கீலையோ அரசின் இணையப் புகார்த் தளத்தையோ யோசிக்க வேண்டும். அதோடு, வட்டி கேட்டால் அடுத்த ஆர்டர் வராமல் போய்விடுமோ என்ற பயம் பட்டறைக்காரருக்கு எப்போதும் உண்டு. அதனால் ஒவ்வொரு பில்லுக்கும் பக்கத்தில், அந்த வாடிக்கையாளர் ஆண்டு விற்பனையில் எத்தனை பங்கு என்ற எண்ணும் இருக்க வேண்டும். பங்கு அற்பமென்றால் தைரியமாகக் கேட்கலாம். பாதி வியாபாரமே அவரென்றால் கேட்கும் விதமே வேறு. 45-இல் கட்டத்தைப் பிரிப்பது, பங்கைக் காட்டுவது என்ற இந்த இரண்டு மாற்றத்துக்கும் புது மென்பொருள் தேவையில்லை.

‘எல்லாத் தரவையும் கொடுத்துவிட்டோம், வேண்டியதை ஃபில்டர் போட்டு எடுத்துக்கொள்ளட்டும்’ என்பது மென்பொருள் செய்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். காய்கறியையும் கத்தியையும் கொடுத்துவிட்டு விருந்து வைத்தோம் என்பது போன்றது அது. அதிலும் காலை எட்டு மணிக்கு லேத் மெஷின் ஆள் வரவில்லை என்ற தலைவலியோடு உட்கார்ந்திருப்பவர் ஃபில்டர் போடமாட்டார்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. கேள்வியை முன்கூட்டியே தீர்மானித்து ரிப்போர்ட்டைச் செதுக்கினால், தீர்மானித்தவரின் கண்ணுக்குத் தெரியாதது யாருக்குமே தெரியாமல் போகும். நியாயமான பயம்தான். செம்பரம்பாக்கத்தையே பார்த்துக்கொண்டு தாம்பரத்தை மறந்தது அந்த வகைக் குருட்டுத்தனம். அதனால் மேலே முடிவுக்கான சில எண்கள், கீழே முழு அட்டவணை, இரண்டுக்கும் நடுவே ‘இதில் சேராதவை’ என்று ஒரு வரி என்ற அமைப்பைக் கைவிடக் கூடாது. எண் இலக்காக மாறும்போது அது வளைந்துகொடுக்கும் என்பதும் உண்மை. 2021 டிசம்பர் 23 அன்று தலைமைச் செயலகத்தில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் தகவல் பலகை, அணை இருப்பு முதல் மக்கள் மனுக்கள்வரை பல துறைகளை ஒரே திரையில் கொண்டுவந்தது. ஆள்பவர் நேரடியாகப் பார்க்கிறார் என்பதே அதிகாரிகளை முடுக்கும், அந்த அளவில் வரவேற்கவேண்டிய ஏற்பாடு. ஆனால் மனு என்பது ஏரி இல்லை. நீர்மட்டத்தை அளவுகோல் சொல்கிறது. மனு தீர்ந்ததா என்பதைப் பெரும்பாலும் அதைத் தீர்க்கவேண்டியவரே சொல்கிறார். தெருவிளக்கு எரியாமலேயே ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்த அனுபவம் இந்த ஊரில் யாருக்கும் புதிதல்ல. இதற்குப் பலகையைப் பழித்துப் பயனில்லை. முடிந்த மனுக்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில், மனு கொடுத்தவர் ஏற்றுக்கொண்டவை எத்தனை, அதே தெருவிலிருந்து அதே குறைக்காக முப்பது நாளுக்குள் மறுபடி வந்தவை எத்தனை என்று இரண்டு கட்டங்கள் சேர்த்தால் போதும். அவை சேரும்வரை, ‘முடிந்தது’ என்ற அந்த எண் யாருடைய வாக்குமூலம் என்பதையாவது பலகையில் எழுதிவைக்கலாம்.