குப்பைக்குப் புகார் உண்டு, நடைபாதைக்கு?

தெருமுனையில் குப்பைத்தொட்டி நிரம்பி வழிந்தால் சென்னைவாசி என்ன செய்வார்? முதலில் திட்டுவார். ரெண்டு நாள் பொறுத்துப் பார்ப்பார். அப்புறம் மாநகராட்சியின் 1913-க்கு போன் போடுவார். தெருவிளக்கு எரியவில்லை, கொசு, நாய்த் தொல்லை என்று எல்லாவற்றுக்கும் அதே எண்தான். அரசு அலுவலகங்களைக் கிண்டல் செய்வது சுலபம். ஆனால் குப்பை, தெருவிளக்கு விஷயத்தில் இந்த ஏற்பாடு ஓரளவு வேலை செய்கிறது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

என் கேள்வி வேறு. "எங்கள் தெருவில் நடக்க முடியவில்லை" என்று யாராவது போன் செய்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நான் கேள்விப்பட்டதில்லை. குப்பை நாறும், அதனால் மூக்கு நம்மைப் புகார் செய்ய வைத்துவிடுகிறது. இல்லாத நடைபாதை நாறுவதில்லை. சாலையில் இறங்கி நாலு அடி நடந்துவிட்டு மறுபடி மேலே ஏறிக்கொள்கிறோம். பள்ளிக்கூடம் போகும் வயதிலிருந்தே பழக்கம்!

2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் நடந்து போனவர்கள் 32,825 பேர் இறந்திருக்கிறார்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு இது. ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 90 பேர். கொசுவுக்குப் புகார் செய்கிற நாம் இதற்குச் செய்வதில்லை.

நம் நடைபாதையில் என்னென்ன இருக்கிறது என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள். மின்வாரியப் பெட்டி, அதன் பக்கத்தில் இரண்டு பைக், டீக்கடை அடுப்பு, இளநீர் வண்டி, யாரோ கொட்டிவிட்டுப் போன ஜல்லி. இத்தனையும் தாண்டினால் வீட்டுக்கு வீடு கார் ஏற்றுவதற்காக சிமெண்டில் போட்ட சரிவு. அந்தச் சரிவைப் போட்டவர்கள் வேறு யாருமில்லை, 1913-க்கு போன் செய்யும் அதே நாம்தான். இதனாலும்தான் இந்தப் புகார் யார் வாயிலிருந்தும் வருவதில்லை என்று நினைக்கிறேன்.

அப்படியே வந்தாலும் யாரிடம் போகும்? உள்தெரு மாநகராட்சியுடையது. பெரிய சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம். சிக்னல் போக்குவரத்து போலீஸ், பெட்டி மின்வாரியம், தோண்டிப் போட்ட பள்ளம் குடிநீர் வாரியம். குப்பைக்கு ஒரு துறை இருக்கிறது. நடப்பதற்குத் துறையே இல்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. நடைபாதை பற்றிப் புகார் என்று வந்தாலே முதலில் அடி வாங்குவது இளநீர் வண்டிக்காரர்தான். வண்டியைத் தூக்கிப் போக அரை மணி நேரம் போதும். அதே இடத்தில் நாள் முழுக்க நிற்கும் காரை யாரும் தூக்குவதில்லை. தெருவோர வியாபாரிகளுக்கு 2014-ல் தனிச் சட்டமே வந்தது. அவர்களைக் கணக்கெடுத்து, இடம் ஒதுக்கி, சான்றிதழ் கொடுக்கச் சொல்கிறது அது. வீட்டு வாசலில் நிறுத்தும் காருக்கு அப்படி ஒரு உரிமையை எந்தச் சட்டமும் கொடுத்ததாகத் தெரியவில்லை. ஆகவே புகார் செய்யும்போது எதைத் தடை என்கிறோம் என்று கொஞ்சம் யோசிப்பது நல்லது.

இங்கே மத்தியப் பிரதேசத்து ரத்லம் ஊரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அங்கே ஒரு குடியிருப்புப் பகுதியில் திறந்த சாக்கடை, சாராய ஆலைக் கழிவு, கழிப்பறை வசதி இல்லாததால் தெருவிலேயே மலம். சொல்லிச் சொல்லிப் பார்த்த மக்கள், பொதுத் தொல்லையை அகற்றச் சொல்லும் அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133-ஆம் பிரிவின்படி மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். யார் மேல்? நகராட்சி மேலேயே! நகராட்சி சொன்ன பதில்கள் இரண்டு. ஒன்று, எங்களிடம் பணமில்லை. இரண்டாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: அந்த இடத்தின் லட்சணம் தெரிந்துதானே அங்கே குடிவந்தீர்கள், இப்போது என்ன புகார்?

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1980-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் (1957-ல் கேரளத்தில் ஈ.எம்.எஸ். அமைச்சரவையில் இருந்தவர்) இரண்டு பதில்களையும் ஏற்கவில்லை. பணமில்லை என்பது கடமையிலிருந்து தப்பிக்கக் காரணமாகாது, வேண்டுமானால் மாநில அரசிடம் கேட்டு வாங்கு, சாக்கடையையும் கழிப்பறையையும் கட்டு என்பதுதான் தீர்ப்பின் சாரம். அந்த 133 இன்றைக்கும் சாகவில்லை. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய சட்டத்தில் 152-ஆம் பிரிவாக இருக்கிறது.

நடைபாதைக்கும் இப்போது அந்த இடம் கிடைத்துவிட்டது. கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் தொடர்ந்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், தடையில்லாத நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையில் அடங்கும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. சென்னை மாநகராட்சியோ 2014-லேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கை வகுத்து, தன் போக்குவரத்து நிதியில் 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று எழுதி வைத்திருக்கிறது. காகிதத்தில் நமக்குக் குறையே இல்லை :-)

குறை, புகாரை முடிக்கும் விதத்தில் இருக்கிறது. பொதுவாக நம் நாட்டில் புகாரைத் 'தீர்க்கப்பட்டது' என்று குறிப்பவர் அதைத் தீர்க்க வேண்டிய அலுவலரேதான். பரீட்சை எழுதிய மாணவனே பேப்பர் திருத்துவது மாதிரி (எனக்கு இந்த வசதி கிடைத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்). பிரிட்டனில் 2007-ல் மைசொசைட்டி என்ற அமைப்பு தொடங்கிய ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் தளத்தில், புகார் எல்லோரும் பார்க்கும்படி வரைபடத்திலேயே இருக்கும். நாலு வாரம் கழித்துப் புகார் கொடுத்தவரிடமே "சரி செய்தார்களா?" என்று கேட்பார்கள். இதற்குப் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் வேண்டாம். ஒரு எஸ்.எம்.எஸ். போதும். நம் மாநகராட்சிகள் ஒன்றே ஒன்று செய்வதாக இருந்தால் இதைத்தான் கேட்பேன்.

அதுவரை நம் பக்கம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. "நடைபாதை மோசம், ஆவன செய்யவும்" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. 'பணிந்து வேண்டுகிறோம்' எல்லாம் வேண்டவே வேண்டாம். இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 2012-ல் வெளியிட்ட விதிமுறைப்படி, நடைபாதையில் தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளங்கள். பக்கத்து விளக்குக் கம்பத்தின் எண், இருக்கும் அகலம், ஏற வேண்டிய உயரம், காலை எட்டரையிலிருந்து ஒன்பதுக்குள் அந்த இடத்தில் சாலையில் இறங்கி நடக்கும் பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர், இவ்வளவையும் எழுதி, கூடவே ஒரு போட்டோ வைத்து அனுப்புங்கள். அளக்கும்போது உங்கள் வீட்டு வாசலில் இருக்கும் சரிவையும் சேர்த்து அளந்துவிடுங்கள்.