கடல் கடக்கும் வைத்தியக் கல்வி

"இங்கு வைத்திய பீடத்தில் இடம் கிடைக்காவிட்டால் என்ன? பங்களாதேஷ் இருக்கிறது, சீனா இருக்கிறது, ரஷ்யா இருக்கிறது. படித்து வந்து பதிவுப் பரீட்சை எழுதலாமே!" என்று உபதேசிக்கும் கனவான்கள் இன்று பெருகிவிட்டனர். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நாம் அவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

வெளிநாட்டில் பட்டம் பெற்றவர் இலங்கை மருத்துவ சபையின் பரீட்சையில் தேறியே இங்கு தொழில் செய்யலாம். இதை நாம் எதிர்க்கவில்லை. ஏழை நோயாளிக்கும் தேர்ந்த வைத்தியரே வேண்டும். ஆனால் அது கடைசிக் கதவு. முதற் கதவு எங்கே? வெளிநாடு செல்பவரும் உயர்தரத்திலோ அதற்கு ஈடான பரீட்சையிலோ உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் கற்றுத் தேறியிருக்க வேண்டும். கொழும்பின் சர்வதேசப் பாடசாலையில் படிக்கும் செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு இலண்டன் பரீட்சை இருக்கிறது. எமது பிள்ளைக்கு? இவ்விரு மாவட்டங்களிலும் உயர்தர விஞ்ஞானப் பிரிவுள்ள தமிழ்ப் பாடசாலைகள் மிகச் சிலவே. சாதாரண தரத்தில் விஞ்ஞானத்தில் மிளிர்ந்த மாணவி, விருப்பமின்றிக் கலைப் பிரிவில் அமர்கிறாள்.

பணத்தின் கதையோ இன்னும் கொடியது. தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 2021இல்தான் 1,000 ரூபாயானது. மாதம் 25 நாள் வேலை கிடைத்தாலும் ஆண்டுக்கு 3 இலட்சம்! அடுத்த ஆண்டே, ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் 360 ரூபாயானது. வெளிநாட்டுக் கல்லூரியோ டொலரில் கேட்கிறது.

"இரத்தினபுரியிலேயே சப்ரகமுவப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் இருக்கிறதே, மாவட்ட ஒதுக்கீடும் உண்டே" என்பார்கள். உண்மைதான். அனுமதியில் 40 வீதம் திறமைக்கு. 55 வீதம் மாவட்டங்களுக்கு. 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. ஆனால் "மாவட்டம்" என்ற ஒரே சொல்லுக்குள் ஆய்வுகூடமுள்ள பட்டணப் பாடசாலையும் அது இல்லாத தோட்டப் பாடசாலையும் சமமென எண்ணப்படுகின்றன. இது சமத்துவமா?

அரசால் வழிகாண இயலாது என்பதும் பொய். மாலபே தனியார் மருத்துவக் கல்லூரி மாணவரைக் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்ற 2018இல் தனிச் சட்டமே வந்தது. அம்மாணவரின் இடர் தீர்ந்ததில் எமக்குக் காழ்ப்பில்லை. கட்டணம் செலுத்தியவருக்காக விரைந்த சட்டம், கொழுந்து பறிப்பவளின் மகளுக்காக ஏன் நகரவில்லை? இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதோ 1970களில். அந்தத் தாமதத்தின் வட்டியை இன்றும் எமது பிள்ளைகளே கட்டுகின்றனர்.

ஆகவே நாம் கேட்பது இதுவே: இரு மாவட்டங்களிலும் தமிழ்மொழி மூல விஞ்ஞானப் பிரிவுகளை விரிவாக்குக, நிரந்தர ஆசிரியர், ஆய்வுகூடம், தொலைதூரப் பிள்ளைகளுக்கு விடுதி ஆகியவற்றைத் தருக. ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! உங்கள் கல்வி வலயத்தில் எத்தனை தமிழ்ப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானம் உண்டு எனக் கணக்கெடுங்கள். அக்கணக்கைச் சங்கக் கூட்டங்களிலும் மாகாண சபையின் வாசலிலும் வையுங்கள். லயத்துப் பிள்ளை உயர்தர வகுப்புக்கே போக வழியில்லாத நாட்டில், உலகம் திறந்திருக்கிறது என்பது வெறும் பரிகாசம்.